ஒரு வருஷம் தாமதமாக ஒரு துக்கச் சேதி

நான் நர்ஸாக வேலை பார்க்கும் அயர்லாந்துச் சிற்றூரில் தினமும் காலையில் உள்ளூர் வானொலியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். இன்னார், இன்ன தெரு, இன்ன சர்ச்சில் அடக்கம், துக்கம் கேட்க இந்த நேரத்தில் வரலாம் என்று விலாவாரியாகச் சொல்வார்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ஊரே அதைக் கேட்கும். போன புதிதில் எனக்கு அது அபசகுனமாகப் பட்டது. இப்போது கேட்டால், அதைவிட நல்ல ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது என்பேன். ‘எனக்கு யாருமே சொல்லலியே’ என்று அங்கே ஒருத்தரும் கோபித்துக்கொள்ள முடியாது. கடலூர் முதுநகரில் அப்படி ஒரு வானொலி இருந்திருந்தால், ஒரு பை பாகற்காயோடு நான் சிதம்பரத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டியதில்லை.

அம்மாவின் அப்பா, என் தாத்தா ஞானமுத்து, போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் முன்பே சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. செல்பேசியில் பார்த்தேன். காட்டிய உறவுக்காரர் அழுதுகொண்டே காட்டியதால் பாதி நேரம் தென்னை மரம்தான் தெரிந்தது. இந்த வருஷம் கல்லறைக்குக் கல் வைத்துப் பிரதிஷ்டை செய்யப்போகிறார்கள் என்றதும், இதற்காவது போய்விட வேண்டும் என்று லீவு கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கீழே அம்மா கிரேஸ், மாடியில் அம்மாவின் தம்பி எட்வின் மாமா. அம்மா சுவரைப் பார்த்து, “மேல இருக்கறவங்க மோட்டார நிறுத்துனா நல்லாருக்கும்” என்றாள். மாடிப்படியிலிருந்து மாமா, “பாப்பா ஷீபா, தொட்டி இன்னும் ரொம்பலன்னு கீழ இருக்கறவங்க கிட்ட சொல்லு” என்றார். இருவருக்கும் நடுவில் நான் சங்கரா மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். ஐரிஷ்காரர்கள் கடலை ஒட்டியே குடியிருந்தும் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து அதன் அடையாளத்தையே அழித்துவிடுவார்கள். அதனால் முதலில் குழம்பு, சமாதானமெல்லாம் அப்புறம் என்று இருந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவிடம் கேட்டேன். “சபாபதி மாமாவுக்கு சேதி சொல்லல” என்றாள்.

சபாபதி, தாத்தாவோடு ஒரே டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர், சிதம்பரத்துக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாதக் கடைசியில் தாத்தா பைபிளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஊழியத்துக்குப் போறேன்” என்று சிதம்பரம் கிளம்புவார். சபாபதிக்குச் சுவிசேஷம் சொல்லத்தான் அந்த ஊழியம். இத்தனை வருஷத்தில் சபாபதியின் நெற்றியிலிருந்த திருநீறு ஒரு கோடுகூட அழியவில்லை. அவர் வீட்டுக் கத்தரிக்காய் கொத்சுவால் தாத்தாவின் இடுப்பு மட்டும் இரண்டு சுற்று பெருத்தது.

அப்பேர்ப்பட்ட சபாபதிக்கு யாரும் சொல்லவில்லை. தாத்தா போன அன்று மாமா தன் செல்பேசியில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார். தாத்தா படம், இரண்டு புறாக்கள், பின்னால் சூரிய உதயம். ஊர் முழுக்க அதைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. சபாபதியிடம் இருப்பது பட்டன் ஃபோன். தம்பி சொல்லியிருப்பான் என்று அம்மா இருந்துவிட்டாள். அக்கா சொல்லியிருப்பாள் என்று மாமா இருந்துவிட்டார். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, தாத்தாவைக் காணோமே என்று சபாபதி தூக்குவாளியில் கொத்சு எடுத்துக்கொண்டு முதுநகர் வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்திருக்கிறார். தாத்தா படம், பிளாஸ்டிக் மாலை, சுற்றிலும் சிவப்பு சீரியல் பல்பு.

“தூக்குவாளிய கீழ வச்சாரு. திரும்பிப் போயிட்டாரு. ஒரு வார்த்த பேசல” என்று அம்மா அழுதாள். “அந்தக் கொத்ச என்னால தொட முடியலடி.”

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. நீ சொல்லியிருக்கணும், நீ சொல்லியிருக்கணும் என்று தொடங்கிக் கடைசியில் பேச்சே நின்றுபோனது. அதற்கப்புறம் சபாபதி அம்மாவின் ஃபோனையும் எடுக்கவில்லை, மாமாவின் ஃபோனையும் எடுக்கவில்லை. நேரில் போய் நிற்க இருவருக்கும் முகம் இல்லை. அம்மா தீர்மானமாகச் சொன்னாள்: “சபாபதி மாமா வராம நான் அந்தக் கல்லத் தொறக்க மாட்டேன். நீ போயி கூட்டியா.” மாடியிலிருந்து, “அதத்தான் நானும் சொல்றேன்னு சொல்லு” என்று குரல் வந்தது. ஒரு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான், அதுவும் என் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, “உன் தாத்தா மாரி மனுஷன் கெடையாதும்மா, ஒருத்தரையும் கடிஞ்சு பேச மாட்டாரு” என்று நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். உண்மைதான், அவர் யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆண்டவரிடம் போட்டுக்கொடுப்பார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். எல்லாரும் கண்ணை மூட வேண்டும். “இரக்கமுள்ள பிதாவே” என்று ஆரம்பித்து, மழைக்கும் சுகத்துக்கும் நன்றி சொல்லி, மெல்ல வீட்டுக்குள் வருவார். “எட்வினுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற தலைவலியை நீர் அறிவீர். கிரேஸ் கருவாட்டுக் குழம்பில் புளியைக் குறைத்ததையும் கண்டீர். பேத்தி ஷீபா கணக்குப் பரீட்சை பேப்பரை எனக்குக் காட்டாவிட்டாலும் உமக்கு மறைக்க முடியாது.” நேரில் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். ஜெபத்துக்கு நடுவில் யார் வாயைத் திறப்பது? கடைசியில் எல்லாரும் ஆமென் வேறு சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

நான் லேசாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் போதும். ஜெபத்தின் ஓட்டம் குறையாமலே, “கண்ணைத் திறந்துகொண்டிருக்கிற பிள்ளையையும் ஆசீர்வதியும்” என்பார். படக்கென்று மூடிக்கொள்வேன். ஆண்டவரே அவர் காதில் சொல்கிறார் என்று ரொம்ப காலம் பயபக்தியோடு நம்பிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில், “சிதம்பரம் போவுமா?” என்று கேட்டேன். “போவும், ஏறு” என்றார் கண்டக்டர். எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலமும் இடமும் கரும்பும் முந்திரியுமாக வர ஆரம்பித்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நேர் பஸ்ஸு பின்னாலயே நின்னுச்சே. இது ஊரெல்லாம் சுத்திக்கினு புவனகிரி வழியா இல்ல போவும்?”

புவனகிரி வந்ததும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கிளட்ச் போய்விட்டது. எல்லாரும் இறங்கினோம். அயர்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும், “ரொம்ப நன்றிண்ணே” என்றேன். டிரைவர் முகம் சிவந்துவிட்டது. “வண்டி நின்னா நான் இன்னாம்மா பண்றது? படிச்ச பொண்ணு, இப்பிடிக் குத்திக் காட்டறியே” என்றார். நான் விளக்கம் சொல்லப் போக, விஷயம் இன்னும் மோசமானது. இதற்குள் ஆண்கள் எல்லாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் தனியாக நின்று ஃபோனில், “சிதம்பரம் வந்துட்டேன், எறங்கிக்கினே இருக்கேன்” என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வெறுங்கையோடு போகிறோமே என்று உறைத்தது. ரோட்டோரத்தில் ஒரு அம்மாள் மிதிபாகற்காய் குவித்து வைத்திருந்தார். குட்டி குட்டியாக, முள்ளு முள்ளாக, பச்சைப் பசேலென்று இருந்தது. “சிதம்பரத்துக்காரங்க இதுக்கு உசுர வுடுவாங்க. தைரியமா வாங்கினு போம்மா” என்றார். வாங்கினேன்.

சிதம்பரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலைப் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த சிதம்பரம் தாத்தா சொன்ன சிதம்பரம். சபாபதி கும்பிட உள்ளே போவார். தாத்தா கோபுர வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையடக்கப் புதிய ஏற்பாட்டைப் படித்துக்கொண்டிருப்பார். “அவன் உள்ள எனக்கு வேண்டிப்பான். நான் வெளிய அவனுக்கு வேண்டிப்பேன். எப்பிடிப் பாத்தாலும் செருப்பு பத்திரம்” என்பார். அந்தக் கோபுர வாசலைத் தாண்டிச் சபாபதி வீட்டுச் சந்துக்குள் திரும்பும்போது பாகற்காய்ப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டால் அம்மாவிடம் என்னவென்று சொல்வேன்?

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் வெற்றுடம்போடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, “யாரு?” என்றார்.

“ஷீபா, தாத்தா. ஞானமுத்து பேத்தி.”

“எந்த ஞானமுத்து? எனக்கு ஒரு ஞானமுத்துதான் தெரியும். அவன் நல்லாத்தான இருக்கான்? மாசக் கடைசில வருவான்.”

புதன்கிழமை கல்லறைக் கல் பிரதிஷ்டை, நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று எதையோ உளறிக்கொண்டே படியில் காலை வைத்தேன்.

“நில்லு” என்றார். “யாருக்குக் கல்லு? எனக்கு ஒரு சேதியும் வரலியே. சேதி சொல்ல வந்தா மொதல்ல சேதிய சொல்லணும். சாவு சேதி கொண்டாறவங்க வாசல்ல நின்னுதான் சொல்லுவாங்க. அங்கயே நின்னு சொல்லு.”

ஆஸ்பத்திரியில் இதற்கு எங்களுக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவர்களை உட்கார வைக்க வேண்டும், அமைதியாகப் பேச வேண்டும், கையைத் தொடலாமா என்று பார்த்துத் தொட வேண்டும். பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே அவர் உட்கார்ந்திருந்தார், நான் வெயிலில் பையோடு நின்றேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இந்த ஒரு வருஷத்தில் இதை நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத்தான் சொன்னார்கள். நான் சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

“எங்க தாத்தா செத்துட்டாரு, தாத்தா” என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அந்த நிமிஷம்தான் முதல்முறையாகக் கேட்பவர் போல, “எப்போ?” என்றார்.

“விடியக்காலைல. தூக்கத்துலயே.”

“கஷ்டப்பட்டானா?”

“இல்ல.”

“ராத்திரி இன்னா சாப்ட்டான்?”

“இட்லி. கொத்சு வேணும்னு கேட்டாராம். அம்மா சட்னி அரைச்சாங்களாம்.”

“கிரேஸுக்குக் கொத்சு வராது” என்றார். குரல் உடைந்துவிட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போனார். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். அவருடைய மருமகள் வந்து மெதுவாகச் சொன்னாள்: “சாவு சேதி கேட்டா தல முழுவணும் இல்லக்கா? எனக்கு யாரும் சேதி சொல்லல, நான் எப்பிடி முழுவறதுன்னு ஒரு வருசமா சொல்லிக்கினே இருந்தாரு. இன்னிக்குத்தான் ஊத்திக்கிறாரு.”

ஈரத் தலையோடு திரும்பி வந்தார். “உள்ள வா. பைல இன்னா?”

“பாகக்கா, தாத்தா.”

பையைத் திறந்து உற்றுப் பார்த்தார். “கோவமா இருக்கறவன சமாதானம் பண்றதுக்குப் பாகக்கா வாங்கினு வந்த மொத ஆளு நீதான்” என்றார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இட்லியும் கொத்சுவும் வந்தன. சுட்ட கத்தரிக்காயின் வாசனை மேலே எழுந்தது. நான் கையை வைக்கப் போனேன். சபாபதி தாத்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகளும் கரண்டியோடு நின்றாள்.

“ஜெபம் பண்ணு” என்றார்.

“எனக்கு அவ்வளவா வராது, தாத்தா.”

“ஞானமுத்து பேத்திக்கு ஜெபம் வராதா? இந்த வூட்ல அவன் ஒக்காந்தா, ஆமென் சொல்லாம ஒரு பருக்கக்கூட எறங்காது. இவ இட்லியவே ஆமென் சொன்னப்பறம்தான் எறக்குவா, ஆறிடும்னு.” அதற்குமேல் என்னைத் தொந்தரவு செய்யாமல் அவரே கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தார். அப்புறம் சாப்பிட்டோம். மாமா ஸ்டேட்டஸில் போட்ட புறாவிலிருந்து, அம்மாவும் மாமாவும் சுவரைப் பார்த்துப் பேசுவதுவரை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் பீடியை விட்ட கதையையும் சொன்னார். “நேர்ல சொல்லியிருந்தா போடான்னிருப்பேன். இட்லிய முன்னால வச்சிக்கினு, ‘சபாபதியின் நெஞ்சிலுள்ள புகையை நீர் அறிவீர்’னு சாமிகிட்ட சொல்லிட்டான். நான் இன்னா பண்றது? வுட்டுட்டேன்.”

கிளம்பும்போது, “புதன்கிழமை வருவீங்களா?” என்றேன். “பாக்கலாம்” என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் வருவேன் என்றும் அர்த்தம், வரமாட்டேன் என்றும் அர்த்தம், இப்போது வாயை மூடு என்றும் அர்த்தம். எதுவென்று தெரியாமலே நேர் பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

அம்மா கேட்டிலேயே நின்றிருந்தாள். “வராராமா?”

“பாக்கலாம்னாரு.”

“மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?”

“ஈரமா” என்றேன். மாடிப்படியில் மாமா மெல்ல உட்கார்ந்தது கேட்டது.

புதன்கிழமை சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கூடியது. துணி போர்த்திய கல்லுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமா. பாட்டுப் பாடியாயிற்று, வேதம் வாசித்தாயிற்று. போதகர் இளைஞர், இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். “கொஞ்சம் பொறுங்க ஐயா” என்றாள் அம்மா. இன்னொரு பாட்டுப் பாடினோம். மறுபடி பார்த்தார். “கொஞ்சம் பொறுங்க ஐயா” என்றார் இந்தத் தடவை மாமா. மூன்றாவது பாட்டின் நடுவில் வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தூக்குவாளியோடு சபாபதி தாத்தா இறங்கினார். அம்மா பாட்டை நிறுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. தூக்குவாளியை என்னிடம் கொடுத்தார். அம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு முனை பிடித்துத் துணியை எடுத்தார்கள். அவர் குனிந்து, கல்லில் இருந்த பேரைத் தடவி, “மச்சான்” என்றார். அவ்வளவுதான்.

“ஐயா ரெண்டு வார்த்த சொல்லலாமே” என்றார் போதகர்.

“வார்த்த வாணாம். ஜெபம் பண்ணட்டுமா?”

போதகர் அவர் நெற்றியைப் பார்த்தார். பிறகு, “தாராளமா” என்றார்.

“எல்லாரும் கண்ண மூடுங்க” என்றார் சபாபதி தாத்தா. மூடினோம்.

“இரக்கமுள்ள பிதாவே. நான் சபாபதி, சிதம்பரம். உமக்கு என்னத் தெரியும். ஞானமுத்து மாசாமாசம் என்னப்பத்தி உம்மகிட்ட கோள் சொல்லியிருக்கான். இன்னிக்கு மழ இல்லாம வெச்சதுக்கு நன்றி. ஆட்டோ கெடச்சதுக்கும் நன்றி.” கொஞ்சம் நிறுத்தினார். “அவன் போன சேதிய எனக்கு யாரும் சொல்லல. எட்வின் ஃபோன்ல புறா வுட்டதை நீர் அறிவீர். தம்பி சொல்லியிருப்பான்னு கிரேஸு இருந்துட்டதையும் நீர் கண்டீர். ரெண்டும் நல்ல புள்ளைங்கதான். எனக்கு மனசு ஆறிடுச்சு. ஆனா ஒரே வூட்ல கீழயும் மேலயும் இருந்துக்கினு, ஒரு வருசமா செவுத்துகிட்ட பேசுதுங்க. ஞானமுத்து இருந்திருந்தா தெனம் ராத்திரி இத உம்மகிட்ட சொல்லியிருப்பான். அவன் அங்க வந்துட்டான். அதனால இங்கேர்ந்து நான் சொல்றேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா முகம் எப்படி இருக்கிறது, மாமா முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க லேசாக ஒரு கண்ணைத் திறந்தேன்.

“கண்ணத் தொறந்துக்கினு நிக்கற அயர்லாந்துப் பொண்ணயும் ஆசீர்வதியும்” என்றார்.

திடுக்கிட்டு அவர் பக்கம் திரும்பினேன். சபாபதி தாத்தாவின் ஒரு கண் இறுக மூடியிருந்தது. இன்னொன்று நன்றாகத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாத்தாவும் இப்படித்தான் பார்த்திருக்கிறார், நான்தான் ஆண்டவர் அவர் காதில் சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. படக்கென்று மூடிக்கொண்டேன்.

“ஆமென்” என்றது கூட்டம். எனக்கு இந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரலும் அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரலும் தனியாகக் கேட்டன.

“அக்கா” என்றார் மாமா. “தூக்குல கொத்சு இருக்கு போல.”

“இருக்கட்டும்டா” என்றாள் அம்மா. “வூட்டுக்குப் போயி இட்லி ஊத்தறேன். எல்லாரும் ஒண்ணா சாப்புடலாம்.”

நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.